விழாத கோல்

ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள்கூட ஏதாவது ஒரு சினிமாப் பாட்டில் பார்த்திருப்பீர்கள். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி, தருமபுரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் பாறைகளுக்கு நடுவே கிளை கிளையாகப் பிரிந்து சடாரென்று குதிக்கிற இடம். விழுந்த வேகத்தில் எழும் சாரல், தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரி இருக்கும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. கல் என்றால் நம்ம கல்லேதான். புகைகிற கல். அதுதான் பெயர்க் காரணம்.

அங்கே போகிறவர்கள் செய்கிற காரியங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்ணெய் தேய்த்துக்கொள்வது, அருவியில் நிற்பது, மீன் வறுவல் சாப்பிடுவது, பரிசலில் ஒரு சுற்று போவது. ஊர் திரும்பியதும் 'டிரிப் எப்படி?' என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அருவியைச் சொல்வோம். மீனைச் சொல்வோம். 'பரிசல்ல போனோம், சூப்பரா இருந்துச்சு' என்போம். பரிசலை ஓட்டியவர் எப்படி இருந்தார், என்ன பெயர் என்று கேட்டால் முழிப்போம்.

அவர் நமக்கு ஏன் ஞாபகத்தில் இல்லை? பதில் ரொம்பச் சின்னது. ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஞாபகம் இல்லை.

வட்டமான மூங்கில் கூடை. முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. கொஞ்சம் அசந்தால் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு துடுப்பு. தண்ணீருக்கு அடியில் எங்கே பாறை இருக்கிறது, எந்த இடத்தில் சுழல் இழுக்கும், நேற்று இருந்த ஆழம் இன்று இருக்கிறதா என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்போம். பரிசல் கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் அவர் பெயர் வரும். கவிழாத ஆயிரம் நாளைக்கு எந்தப் பேப்பரிலும் இடமில்லை.

இப்போது நான் கேட்க நினைக்கிற கேள்விக்கு வருகிறேன். 'ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது' என்பது ஒரு சாதனையா? ஒருவன் வாழ்நாள் முழுக்க அதை மட்டுமே செய்துவிட்டுப் போனால், அவன் வாழ்க்கையை எதை வைத்து எடை போடுவது? அப்படி வாழச் சொல்லி நாம் இன்னொருவரைக் கேட்பது நியாயமா?

இந்தக் கேள்விக்கு நல்ல வகுப்பறை என்றால் கோயில், மடம் எல்லாம் வேண்டாம். ஃபுட்பால் கிரவுண்ட் போதும்.

1962. ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியா தங்கம் வாங்கும் என்று அன்று பந்தயம் கட்ட ஆள் கிடைத்திருக்கமாட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே யார்? அதே தென்கொரியா.

அணியின் நிலைமையைக் கேளுங்கள். ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். திரிலோக் சிங்குக்குக் காலில் காயம். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூன் மாதம் அவர் இறந்துபோனார்.

போதாக்குறைக்கு ஊரே எதிரி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா தராமல் இந்தோனேசியா தட்டிக்கழித்ததை, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த இந்தியரான ஜி.டி.சோந்தி கண்டித்துப் பேசியிருந்தார். அந்தக் கோபம் முழுக்க விளையாட வந்த பையன்கள் மேல் திரும்பியது. செப்டம்பர் 4-ம் தேதி, செனயன் ஸ்டேடியம். நிரம்பி வழிந்த கூட்டம், இந்தியாவின் தேசியகீதம் ஒலிக்கும்போதே ஊளையிட்டது. அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்தான் என்று அன்று ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டில் அப்படியும் நடக்கும்!

17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிடம், தலைத் தையலோடு முன்வரிசைக்கு வந்த ஜர்னைல் சிங் ஒரு கோல். 85-வது நிமிடம் கொரியா ஒரு கோல். இந்தியா 2-1. தங்கம். பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் இந்தக் கதைதான். அந்தப் படத்துக்குப் பிறகு நம் ஊரிலும் சிலபேருக்கு இது தெரிந்திருக்கிறது.

பதிவேட்டை இன்னொரு தடவை படியுங்கள். 20-வது நிமிடத்துக்கும் 85-வது நிமிடத்துக்கும் நடுவே என்ன நடந்தது? ஒன்றும் எழுதப்படவில்லை. 65 நிமிடங்கள் வெற்றுத்தாள்.

கொரியாக்காரர்கள் அந்த 65 நிமிடமும் சும்மா நின்றுகொண்டிருந்தார்களா என்ன? ஏற்கெனவே ஒருமுறை இதே இந்தியாவை 2-0 என்று அடித்தவர்கள். கூட்டம் அவர்கள் பக்கம். அலை அலையாக வந்திருப்பார்கள். ஒவ்வொரு அலையும் எங்கேயோ ஒரு இடத்தில் உடைந்திருக்கிறது. உடைத்தவர்களில் ஒருவர், நடுக்களத்தில் ஆடிய ஃபார்ச்சுனாடோ பிராங்கோ.

பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. கோவாக்காரர். பம்பாயில் டாடா ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு ஆடியவர். மகாராஷ்டிரா அணிக்காக சந்தோஷ் டிராபி ஆடியவர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது, ஆடக் கிடைக்கவில்லை. வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தாவில், வலது ஹாஃப். முன்னால் நாலைந்து பேர் கோல் அடிக்கப் பாய்ந்துவிடுவார்கள். பின்னால் கோலைக் காக்கும் ஆட்கள். நடுவில் இருக்கிற அத்தனை பெரிய மைதானத்தைப் பார்த்துக்கொள்ள பிராங்கோ ஒரு பக்கம், பிரசாந்த சின்ஹா இன்னொரு பக்கம்.

நடுக்களத்தில் இப்படி ஆடுகிறவன் என்ன செய்கிறான்? எதிராளி பந்தை எங்கே தள்ளப் போகிறானோ அங்கே முன்கூட்டியே போய் நிற்கிறான். இவன் நிற்பதைப் பார்த்து அவன் வேறு பக்கம் தள்ளுகிறான். பார்க்கிற நமக்கு இவன் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். பந்து கிடைத்தால் நாலு பேரை ஏமாற்றி ஓடாமல், பக்கத்தில் இருக்கிற நல்ல ஆட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடுகிறான். தன் ஆள் ஒருவன் ஆசைப்பட்டு முன்னால் ஓடினால், அவன் விட்டுப்போன ஓட்டையை அடைக்கிறான். ஓடினவன் கோல் அடித்தால் மாலை ஓடினவனுக்கு. ஓட்டை வழியாக எதிராளி கோல் அடித்தால், 'மிட்ஃபீல்டுல என்னய்யா பண்ணிட்டு இருந்தான்?' என்று வசவு இவனுக்கு.

இரண்டு வருஷம் முன்னால் போவோம். ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெருவிடம் 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் நம்ம சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதியே பெறவில்லை என்பதால், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். தமிழர் என்ற முறையில் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். பெருமைப்படுவோம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். தோற்ற ஆட்டத்தில் விழுந்த கோலுக்குக்கூட ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஜெயித்த ஆட்டத்தில் விழாத கோலுக்குச் சொந்தக்காரர் கிடையாது.

இது சுந்தர்ராஜின் தப்பும் இல்லை, பி.கே.பானர்ஜியின் தப்பும் இல்லை. நம் கண்ணின் தப்பு. நம் கண் நடந்ததைப் பார்க்கும். நடக்காததைப் பார்க்கத் தெரியாது. அதைப் பார்க்க மூளை வேண்டும். மூளைக்கு வேலை கொடுக்க நமக்குச் சோம்பல்.

இந்தச் சோம்பல் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபுட்பாலே தொழிலாக வைத்திருக்கிற பெரிய முதலாளிகளுக்கும் உண்டு. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் 2003 வரை கிளாட் மகெலெலே என்று ஒருவர் இருந்தார். காங்கோவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். ஜிடேன், ரொனால்டோ, ஃபிகோ என்று நட்சத்திரங்கள் ஜொலித்த அணியில், அவர்களுக்குப் பின்னால் நின்று ஓட்டை அடைத்தவர். சம்பளம் அவர்களைவிட ரொம்பக் குறைவு. கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றார். கிளப் மறுத்துவிட்டது. அதே கோடையில் டேவிட் பெக்காமை வாங்கினார்கள். மகெலெலே இங்கிலாந்தின் செல்ஸீக்குப் போய்விட்டார். ரியல் மாட்ரிட் மறுபடியும் ஸ்பெயின் லீக் சாம்பியன் ஆக 2007 ஆயிற்று. நடுவில் செல்ஸீ 2005, 2006 என்று இரண்டு முறை இங்கிலாந்து சாம்பியன். இதற்கு மகெலெலே ஒருவர் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால், உத்தரத்தைப் பிரித்து விற்று அந்தக் காசில் சரவிளக்கு வாங்கி மாட்டிய வீடு எப்படி இருக்கும் என்பதை அந்த நாலு வருஷம் நன்றாகவே காட்டியது.

சரி, ஒகேனக்கல்லுக்கே வருவோம். அங்கே அருவியைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் யாரும் அவற்றைப் போட்டோ எடுப்பதில்லை.

ஒன்று, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பிலிகுண்டுலு. கர்நாடகம் விடுகிற தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற இடம். 2018-ல் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பு சொன்னதே, அந்தக் கணக்கை எடுக்கும் இடம் இதுதான். இரண்டு மாநிலங்களின் சண்டை, டெல்டாவின் நெல், அரசியல்வாதிகளின் அறிக்கை எல்லாம், அங்கே ஒருவர் மழை, வெயில் பாராமல் சரியாக அளந்து எழுதுகிற எண்ணின் மேல் நிற்கிறது. அவர் சரியாக எழுதினால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதிலிருந்து அதைக் குடித்தால் பல் பழுப்பேறும். போகப் போக எலும்பே வளையும். ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் இந்தத் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அடிக்கல்லுக்குக் கூட்டம் உண்டு. தொடக்க விழாவுக்கும் கூட்டம் உண்டு. ஒரு பம்ப் ஆபரேட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் மோட்டாரைப் பார்ப்பதற்குக் கூட்டம் கிடையாது. அதன் பலன் என்ன? பென்னாகரம் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் குழந்தை பல் தெரியச் சிரிக்கும். பல்லில் கறை இருக்காது. வராத கறைக்காக அந்தக் குழந்தை யாருக்கு நன்றி சொல்லும்? தன் பல்லில் ஒரு சாதனை இருப்பது அதற்கே தெரியாதே!

ஆக, விழாத கோல், கவிழாத பரிசல், வராத கறை. உலகம் ஓடுவதில் பெரும்பங்கு இந்த மாதிரி 'இல்லை'களால்தான். அப்படியென்றால் இந்த வேலை செய்கிறவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று தயாராக இருக்கிறது. 'உன் கடமையைச் செய். பலனில் கண் வைக்காதே.' பெரிய விஷயம்தான். தனக்குத்தானே ஒருவன் சொல்லிக்கொண்டால் அதைவிட உசத்தியான மருந்து கிடையாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதை நாம் தனக்குச் சொல்லிக்கொள்வதைவிட அடுத்தவருக்குச் சொல்வதுதான் அதிகம். அதிலும் யார் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பலன் எவர் வீட்டுக்குப் போகிறதோ அவர்தான் சொல்வார். முதலாளி தொழிலாளிக்குச் சொல்வார். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சமைக்கிறவருக்குச் சொல்வார். 'எங்கம்மா தெய்வம் சார், தனக்குன்னு எதுவுமே கேட்கமாட்டாங்க.' அம்மா கேட்காததில் அம்மாவுக்குப் பெருமை இருக்கலாம். கேட்காத அம்மாவுக்குக் கொடுக்காமலே இருந்ததில் பிள்ளைக்கு என்ன பெருமை?

தியாகி என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை. அதனால், 'பலன் எதிர்பார்க்காதே' என்பதை வேலை செய்கிறவருக்கான தர்மமாக வைத்துக்கொண்டால், வேலை வாங்குகிறவருக்கும் ஒரு தர்மம் எழுதவேண்டும். 'கேட்கிறவரை காத்திருக்காதே' என்று.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பதில் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. 'கண்ணுக்குத் தெரியாத வேலையை ஏன் செய்யணும்? கோல் அடிக்கிற இடத்துக்குப் போய்டணும்.' இதையும் சும்மா தள்ளிவிட முடியாது. ஏமாந்தவன் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால், எல்லோரும் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று தெரிய, ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்தாம் கிளாஸ் பையன்கள் ஃபுட்பால் ஆடுவதைப் பாருங்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே இருபது பேரும் ஓடுவார்கள். தேனீக் கூட்டம் மாதிரி. மைதானத்தின் மற்ற பகுதி முழுக்கக் காலியாகக் கிடக்கும். பந்து தவறி வெளியே வந்தால் எடுக்க ஆளிருக்காது. ஆசை எல்லோருக்கும் சமமாக இருக்கிற ஆட்டம் அது. ஆட்டம் மட்டும்தான் இருக்காது.

அப்படியானால் யாராவது ஒருவர் பந்தின் பின்னால் ஓடாமல் இருக்கத்தான் வேண்டும். அவர் ஏன் ஓடாமல் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும். கீழ்ப்படிதல் வேறு, கட்டுப்பாடு வேறு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கீழ்ப்படிகிறவன் 'இங்கே நில்' என்றால் நிற்பான். ஏன் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டான். கட்டுப்பாடு உள்ளவனும் அதே இடத்தில்தான் நிற்பான். ஆனால், ஏன் நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் எப்போது நகரவேண்டும் என்பதும் தெரியும். ரஹீம் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு லட்சம் தொண்டை ஊளையிடும் சத்தத்தில் அவர் கத்தினாலும் உள்ளே கேட்காது. 65 நிமிடத்தில் ஆயிரம் முறை 'போகவா, நிற்கவா' என்று பிராங்கோ தானே முடிவு எடுத்திருக்கவேண்டும். அதைக் கீழ்ப்படிதல் என்று யாராவது சொல்ல முடியுமா?

பரிசலுக்கும் இது பொருந்தும். எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். அத்தனை பேரை ஏற்ற அனுமதி இல்லை. "அண்ணா, சின்னப் பசங்கதானேண்ணா, மடியில வெச்சுக்குறோம். வேணும்னா நூறு ரூபா சேத்து வாங்கிக்கங்க" என்கிறார்கள். "இல்லீங்க சார், ரெண்டு பேர் எறங்கி அடுத்த பரிசல்ல வாங்க" என்று சொல்கிறவர் அந்த நூறு ரூபாயை இழக்கிறார். கூடவே, 'ஓவரா பண்றான்யா' என்ற திட்டையும் வாங்கிக்கொள்கிறார். அதிகாரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்த ஆள் பக்கத்துப் பரிசலில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டிருக்கலாம். அப்போதும் 'முடியாது' என்று சொல்கிறாரே, அதுதான் கட்டுப்பாடு. சொன்னதைக் கேட்பதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, சொன்னாலும் மறுக்கத் தெரிவதில் இருக்கிறது. ஆற்றில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். தடை போடாத நாளிலும் ஆற்றைப் பார்த்து 'இன்னைக்கு வேணாம்' என்று துடுப்பைச் சாய்த்துவைக்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அவரை நம்பித்தான் நாம் குழந்தை குட்டிகளோடு ஏறுகிறோம். அவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை என்பது நம் கணக்கில் வருவதில்லை.

'எல்லாம் சரி. ஆனா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு. ஒரு வேலையும் செய்யமாட்டார். கேட்டா, நான் பேக்ரவுண்ட்ல நிறைய பண்றேன்பார். அவரையும் பிராங்கோனு கும்பிடணுமா?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. கண்ணுக்குத் தெரியாத வேலை என்கிற போர்வைக்குள் சோம்பேறிகளும் படுத்துக்கொள்ள முடியும். இரண்டு பேரையும் எப்படிப் பிரிப்பது?

'லீவு போட்டால் தெரிந்துவிடும்' என்பார்கள். ஒரு வாரம் இல்லையென்றால் எது நின்றுபோகிறதோ, அதுதான் அவர் செய்த வேலை. ரியல் மாட்ரிட் அப்படித்தான் தெரிந்துகொண்டது. இது சரியான பரீட்சைதான். ஆனால் கொடூரமான பரீட்சை. ஆள் போன பிறகு வருகிற ரிசல்ட். நிறைய வீடுகளில் இந்தப் பரீட்சை அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் நடக்கிறது. கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, அப்பாவுக்கு எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி, யாருக்கும் தெரியவில்லை. 2021 மே 10-ம் தேதி பிராங்கோ 84 வயதில் இறந்தார். 1962-ல் தங்கம் வென்ற அணியின் நடுக்கள ஆட்டக்காரர் என்று செய்தி வந்தது. அவர் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை லட்சமோ!

இதைவிட நல்ல பரீட்சை ஒன்று இருக்கிறது. ஆள் இருக்கும்போதே செய்யலாம். கூட ஆடுகிறவர்களைக் கேட்பது. நட்சத்திர ஆட்டக்காரனிடம் போய் 'உன் பின்னால் யார் நின்றால் தைரியமாக முன்னால் ஓடுவாய்?' என்று கேட்டால் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வான். பரிசல் துறையில் போய் 'உங்க வீட்டுப் பிள்ளைகளை யார் பரிசலில் ஏற்றுவீர்கள்?' என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு 'ஒன்றும் நடக்காதது' தெரியும். ஆபீஸ் சோம்பேறியின் பெயரை அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நாம் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பாராட்டு வேறு, கூலி வேறு. கை தட்டுவது நல்லதுதான். ஆனால் கைதட்டலைக் கூலிக்குப் பதிலாகக் கொடுப்பது மோசடி. மகெலெலே கேட்டது கைதட்டல் இல்லை, சம்பள உயர்வு. காலத்தில் நியாயமான கூலி, விழுந்தால் வைத்தியச் செலவு, தடை போட்ட நாளில் அடுப்பெரிய ஏதாவது ஒரு வழி. கண்ணுக்குத் தெரியாத வேலையை மதிப்பது என்றால் இதெல்லாம் சேர்த்துத்தான். வெறும் 'தெய்வம் சார்' போதாது.

செய்கிறவருக்கு என்ன சொல்வது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஊர் முழுக்கப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்த வேலை ஆளைத் தின்றுவிடும். யாருமே பார்க்கவேண்டாம் என்று இருந்தால் அடுத்தவர்கள் ஆளைத் தின்றுவிடுவார்கள். நடுவே ஒரு இடம் இருக்கிறது. தொழில் தெரிந்த நாலு பேர் பார்த்தால் போதும். அதில் ஒரு ஆள் நாமாக இருக்கவேண்டும். செனயனில் அந்தக் கூட்டத்தில் பிராங்கோவை நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நோயோடு உட்கார்ந்திருந்த ரஹீம். முன்னால் ஓடிய சகாக்கள். அதோடு, பந்தைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து எரிச்சலான அந்தக் கொரியாக்காரர்கள். எதிராளியைவிட நேர்மையான ரசிகன் யார் இருக்கிறார்கள்?

நம்ம சென்னைப் பையன் தன்பால் கணேஷ் ஞாபகம் வருகிறது. இதே நடுக்கள வேலைதான். 2017-18 சீசனில் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கியபோது அணியில் இருந்தார். பிறகு முழங்கால் காயம் குறுக்கே வந்தது. அந்த சீசன் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அவர் ஒரு கோலும் அடித்தார். கணேஷ் என்றால் இன்றும் அந்த ஒரு கோலைத்தான் சொல்கிறார்கள். அந்த சீசன் முழுக்க அவர் விழாமல் தடுத்தவற்றைச் சொல்ல ஒரு ஹைலைட்ஸ் வீடியோவும் கிடையாது. எப்படி எடுப்பார்கள்? கேமராவும் பந்தைத்தானே பார்க்கிறது!

கேமராவை மாற்ற முடியாது. நம் கண்ணை மாற்றலாம். அடுத்த தடவை டி.வி-யில் ஃபுட்பால் வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்தே நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவனை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் போர் அடிக்கும். மூன்றாவது நிமிடம், 'இவன் ஏன் அங்கே போறான்?' என்று ஒரு சந்தேகம் வரும். ஐந்தாவது நிமிடம், அவன் போன இடத்துக்குப் பந்து வரும். இல்லையென்றால், அவன் போனதால் பந்து வராமல் போகும்.

பழக்கமாகிவிட்டால் டி.வி-யை அணைத்த பிறகும் அந்தக் கண் அணையாது. வீட்டுக்குள் ஒரு சுற்று அதை ஓட விடுங்கள். பந்து இல்லாத பக்கம் யாரோ ஓடிக்கொண்டிருப்பார்கள்.